இரவல் முகம்

நான் எப்போது பிறந்தேன் என்று அம்மாவைக் கேட்டால், "அந்த வருசம் மழை பேஞ்சு பாத்தியெல்லாம் கரைஞ்சு போச்சே, அப்ப" என்பாள். என் கைபேசி எண்ணைக் கேட்டால் இப்படிச் சுற்றிவளைக்க மாட்டாள். பத்து இலக்கத்தையும் செபமாலை சொல்கிற வேகத்தில் சொல்லி முடித்துவிடுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள் என்பதுதான் என் தலைவலி.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் உப்பளம். மாடி அறைச் சன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள்தான். பங்குனி, சித்திரையில் பகல் முழுக்கத் திரையை இழுத்துவிட்டுத்தான் உட்காருவேன், இல்லாவிட்டால் கணினியில் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் நான் பார்க்கும் வேலை மென்பொருள் பாதுகாப்பு. ஒரு நிறுவனம் புதிதாகச் செயலி ஒன்றைச் செய்தால், திருடன் அதற்குள் எந்த வழியாக நுழையலாம் என்று நானே திருடனாக நின்று தேட வேண்டும். ஓட்டை இருந்தால் அறிக்கை எழுத வேண்டும். கொரோனா சமயத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்தவளை நிறுவனம் திரும்பக் கூப்பிடவே இல்லை. கணவர் சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மா, அண்ணி, நான். அண்ணன் உப்பு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிடச் சுங்கச்சாவடிகளில் நிற்பதுதான் அதிகம்.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பும் எடுக்கிறேன். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதீர்கள்" என்று திரைக்கு முன்னால் முழங்கிக்கொண்டிருப்பேன். அதே நேரம் பார்த்துக் கீழேயிருந்து பெற்ற தாயின் குரல் வரும்.

"ஏம்மா, கேஸ்காரன் கோடி வூட்டாண்ட நிக்கிறான். நம்பர் வந்துச்சா பாரு."

வந்திருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வரவேண்டிய எல்லாமே என் எண்ணுக்குத்தான் வரும். எரிவாயு, ரேஷன், இன்று உங்கள் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்ற பள்ளிக்கூடத்துச் செய்தி வரை எல்லாம். அளத்துக்குப் போகிற பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. இடுப்பில் செருகினால் வேர்வையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து இரண்டே மாதத்தில் சார்ஜ் போடும் ஓட்டை பச்சையாகப் பூத்துப்போகும். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது புருஷனுடன் கடலுக்கோ வேறெங்கோ போயிருக்கும். ஆகவே எந்தப் படிவத்தில் எண் கேட்டாலும், போனும் கையுமாக நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவளின் எண்ணைக் கொடுப்பது என்று தெருவே முடிவு செய்துவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு, யாருக்கு என்ன விண்ணப்பம் என்று விசாரித்து அம்மா என் எண்ணைப் பகிர்ந்துகொண்டிருப்பாள். தட்டிக் கேட்டால், "உன் வூட்டு அம்மிக்கல்லையா தூக்கிக் குடுத்தேன்? நம்பர்தானே. குடுத்தா தேஞ்சா போவும்?" என்பாள்.

நான் என்ன சொல்வது? அந்த எண்ணில்தான் என் வங்கியும் வேலையும் இருக்கின்றன என்று ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நல்ல நம்பர்தான்" என்றாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் உச்சம், போன கோடையில் வந்த கண் முகாம். புதுச்சேரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று உப்பளத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கண் சோதிக்க வந்தது. கணக்குப்பிள்ளையின் கொட்டகையில் ஒரு பெண் டேப்லெட்டோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பதிந்தாள். அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல என் எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாக அடித்திருக்கிறாள். கொட்டகையில் சிக்னல் அரைகுறை, டேப்லெட்டில் மட்டும் எப்படியோ எடுத்தது. ஓடிபி என் மாடிக்கு வருகிறது, அது போய்ச்சேர வேண்டிய கொட்டகை அளத்தின் அந்தக் கடைசியில் இருக்கிறது.

அம்மா அதற்கும் வழி செய்தாள். நான் சன்னலில் நின்று எண்ணைச் சொல்ல வேண்டும். கீழே கொல்லையில் நிற்கும் அம்மா அதைக் கத்த வேண்டும். முதல் வரப்பில் நிற்பவள் அடுத்த வரப்புக்கு, அவள் அதற்கடுத்ததற்கு. இப்படியே ரகசிய எண் வெட்டவெளியில், கடல் காற்றில், வாய்க்கு வாய் கொட்டகை வரை போய்ச் சேர்ந்தது. ஒரு இலக்கம்கூடத் தப்பவில்லை. நடுவில் சாலையோரம் இளநீர் விற்கிறவரும் ஆர்வம் தாங்காமல் ஒன்றிரண்டைத் திருப்பிக் கத்தினார். அன்று காலைதான் நான் "ரகசியத்தைப் பேணுதல்" என்ற தலைப்பில் வகுப்பு எடுத்து முடித்திருந்தேன்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த முகாமில்தான் அண்ணியின் கண்ணை டாக்டர் பார்த்தார்.

அண்ணிக்கு வலது கண்ணில் மூக்கோரமிருந்து சதை வளர்ந்துகொண்டிருந்தது. அளத்தில் பலருக்கு உண்டு. வெயிலும், உப்பிலிருந்து எழும்பி அடிக்கும் வெளிச்சமும், காற்றும் சேர்ந்து கொடுப்பது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். அண்ணி ஒருநாள் போட்டுப் போனபோது, சினிமா ஷூட்டிங்கா என்று மேஸ்திரி கேட்டானாம். அதோடு கழற்றியவர்தான். அந்தச் சதை இப்போது கருவிழியின் மேல் ஏறிவிட்டது, நடுவுக்கு வருவதற்குள் எடுத்தாக வேண்டும், வந்தபிறகு எடுத்தாலும் தழும்பு நின்று பார்வை மங்கலாகவே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது, ஆனால் அவசரமில்லை. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். முகாமுக்குப் போனவர்களில் தேதி கிடைத்தது அண்ணிக்கு மட்டும்தான். தேதி வந்த செய்தியும் என் போனுக்குத்தான் வந்தது.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. "இந்த எண்ணில் வழக்கத்திற்கு மாறான செயல்பாடு கண்டறியப்பட்டுள்ளது. இதனுடன் இணைந்த அனைத்துப் பதிவுகளும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன."

படித்ததுமே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. போலி நோயாளிகளைக் காட்டிப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியின் செயலியில் செயற்கை நுண்ணறிவை வைத்திருக்கிறார்கள். ஒரே எண், ஒரே இடம், ஒரே காலைநேரம், வரிசையாக இத்தனை பெண்கள் என்று பார்த்ததும் அது எங்களைக் கும்பல் என்று முடிவுகட்டிவிட்டது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் மேசைக்கு அந்த விவரம் வந்திருந்தால் நானும் கும்பல் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் நான் என்றால் அதற்குமுன் யாரையாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

சரி, தனி எண் வாங்கிவிடலாம் என்று அண்ணிக்குப் புதுப் போனும் சிம்மும் வாங்கினேன். செயலி அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது. பிறகு, ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளானவர் என்பதால் முகத்தைக் காட்டச் சொன்னது. உயிருள்ள ஆள்தானா, இல்லை யாராவது புகைப்படத்தைப் பிடித்துக் காட்டுகிறார்களா என்று சோதிக்கும் ஏற்பாடு அது. எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கண்களை அகலத் திறக்க வேண்டும், இரண்டு முறை சிமிட்ட வேண்டும், இப்படியும் அப்படியும் திரும்ப வேண்டும்.

அண்ணியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. போன் திரையின் வெளிச்சம் பட்டதுமே வலது கண் சுருங்கித் தண்ணீர் கொட்டியது. அது சுருங்கியதும் இடது கண்ணும் கூடவே சுருங்கியது.

"கண்களை நன்றாகத் திறக்கவும்" என்றது போன்.

அண்ணி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தார்.

"முகத்தை மறைக்க வேண்டாம்" என்றது.

"கண்ணைத் தொறக்க முடியலன்னுதானே வரேன். இத்தைத் தொறந்து காட்டுன்னா நான் எங்க போவேன்?" என்று அண்ணி போனிடமே கேட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். கொல்லையில் வைத்துப் பார்த்தோம், மாடியில் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தோம். இருட்டில் கண் கொஞ்சம் திறந்தது, ஆனால் அங்கே வெளிச்சம் போதவில்லை என்றது.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது மனிதர் இல்லை, செயற்கைக் குரல். தேன் ஒழுகும் தமிழில் வணக்கம் சொன்னது. நடந்ததையெல்லாம் சொன்னேன். "உங்கள் சிரமத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்" என்றது. நோயாளியால் கண்ணைத் திறக்க முடியாது, அது கண் ஆஸ்பத்திரி, இதில் என்ன புரிந்தது உனக்கு என்று கேட்டேன். "நீங்கள் வருத்தமாக இருப்பது இயல்பே" என்றது. கத்தினேன். அது கத்தவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ அலுவலகங்களில் எரிந்து விழுகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். எரிந்து விழுந்த பிறகு அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகி, சரி கொடுங்க பார்க்கிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொள்வார்கள். இதற்குக் கோபமும் வரவில்லை, அதனால் கோபம் தணியவும் வழியில்லை. கடைசியில் மனிதர் யாரிடமாவது பேச வேண்டும் என்றேன். "எங்கள் பணியாளருடன் பேச, முதலில் முகச் சரிபார்ப்பை முடிக்கவும்" என்றது. போனைத் தூக்கி மெத்தையில் வீசினேன். மெத்தை என்பதால் பிழைத்தது.

நேரிலும் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் பொம்மையார்பாளையம் தாண்டும்வரை என்னென்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மேசையில் இருந்தவர் பாவம், நல்ல மாதிரி. "நான் இன்னா பண்றதுங்க, ஆப்புல பச்சை வந்தாதான் எங்களுக்கே டோக்கன் தொறக்குது" என்றார். பேச வைத்திருந்ததில் பாதியைக்கூட அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பொதுவாக எதற்கும் மறுத்துப் பேசாதவர். அன்றைக்கு மறுத்தார்.

"என் பேருக்குத் தேதி குடுத்திருக்காங்க. நான் இன்னா தப்பு பண்ணேன், விட்டுக் குடுக்க?"

தேதிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அந்த நாளும் தப்பிவிட்டால் அண்ணி என்ன சொன்னாலும் தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அம்மா சாவகாசமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த ஆப்பு ஆயிடுச்சு" என்றாள்.

"என்ன ஆயிடுச்சு?"

"பச்சை வந்துடுச்சு. உங்க அண்ணிக்கு."

அண்ணியின் போனை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அண்ணியின் பெயர், அண்ணியின் வயது, நாற்பத்திரண்டு, எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் படம். தலை வாரி, பவுடர் பூசி, கோயிலுக்குப் போகும்போது போடும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்களை அகல விழித்துக்கொண்டிருந்தது என் அம்மா.

அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு கண்புரை எடுத்திருந்தார்கள். அந்தப் பெருமையில், "எனக்கு நல்லா தொறக்குதே. அது தொறன்னுச்சு, தொறந்தேன். சிமிட்டுன்னுச்சு, சிமிட்டினேன். ஒரே வாட்டிதான், பச்சை வந்துடுச்சு" என்றாள். அண்ணி சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். மாமியார் சொன்னதைத் தட்ட முடியாமல் நின்றவர்.

"அம்மா, அது அவங்க முகமா இருக்கணும்மா."

"எவ மூஞ்சியா இருந்தா இன்னா? அதுக்கு முழிக்கற கண்ணுதானே வேணும். நம்பர் உன்னோடது குடுக்கல? அது மாதிரிதான்."

அடையாள அட்டையில் இருக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் அந்தச் செயலி பச்சை காட்ட வேண்டும். ஆனால் அதில் அண்ணியின் படம் யாரைப் போல வேண்டுமானாலும் இருக்கும். புகைமூட்டத்துக்குள் ஒரு பொட்டு தெரியும், அவ்வளவுதான். அதோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் சொல்லிவிட்டது. உண்மையான அண்ணியை அது ஒரு வாரமாக நம்பவில்லை. அறுபத்தெட்டு வயது அம்மாவை ஒரே சிமிட்டலில் நம்பிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க என் நிறுவனத்தில் ஒரு குழு வாரக்கணக்கில் உட்காரும். அம்மா கீரை ஆய்வதற்கு முன்னால் முடித்துவிட்டாள், தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே.

மாற்ற முயன்றேன். முகத்தை மாற்ற வேண்டுமானால் பழைய முகத்தைக் காட்டிவிட்டுப் புது முகத்தைக் காட்ட வேண்டும். புது முகம் கண்ணைத் திறக்க வேண்டும். ஆரம்பித்த இடத்துக்கே வந்தோம். தேதியன்று மூன்று பேருமே கிளம்பிப் போனோம், நேரில் சொன்னால் எவராவது ஒருவர் காதுகொடுப்பார் என்ற நம்பிக்கையில்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு திரை நின்றது. அதன் எதிரே முகத்தைக் காட்டினால்தான் உள்ளே டோக்கன். நான் யாரிடம் பேசலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய் நின்று விழித்தாள். திரை அண்ணியின் பெயரைச் சொல்லி வரவேற்றது. ஒரு நர்ஸ் வந்து அம்மாவின் கையில் பட்டையைக் கட்டி அழைத்துப்போனாள். அண்ணி கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். வயதான அம்மாவுக்குத் துணைக்கு வந்த மருமகள் என்று அவரை விட்டுவிட்டார்கள். நான் மேசைக்காரரிடம் நடந்ததை விளக்கத் தொடங்கினேன். அன்றைக்குக் கூட்டமும் அதிகம். அவர் பாதியில் எழுந்து யாரையோ கேட்டு வரப் போனார். போனவர் வர நேரமாகியது.

அதற்குள் உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அம்மாதான் சொன்னாள். நர்ஸ் திரையைப் பார்த்திருக்கிறாள், அம்மாவைப் பார்த்திருக்கிறாள். "வயசு நாப்பத்திரண்டாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"உப்பளத்து வெயில்ல நின்னா அப்படித்தாம்மா ஆவும்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நர்ஸ் உச்சுக்கொட்டிவிட்டு, திரையில் இருக்கிற படமும் ஆளும் ஒன்றாக இருந்ததால், அம்மாவின் வலது புருவத்துக்கு மேல் பேனாவால் கோடு போட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் படுக்க வைத்துவிட்டாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் காட்டுவது என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான்போலிருக்கிறது, நடுவில் பேசினால் மருமகளின் தேதி போய்விடும் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்திருக்கிறாள்.

அம்மாவை வெகுநேரம் காணாமல், விஷயம் புரிந்து நான் உள்ளே ஓடியபோது டாக்டரம்மா அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லையே?"

"இல்லீங்க" என்றாள் அம்மா. "கண்ணு மருமவளோடது. மூஞ்சி மட்டும்தான் என்னோடது."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வெட்கம், கோபம், பயம் எல்லாமாகக் கலந்து கதையைச் சொன்னேன். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பார்த்தார்.

"நடுவுல வந்துடப் போகுது. இன்னைக்கே எடுக்கணும்" என்றார். பிறகு மேசைக்காரரிடம் திரும்பி, பதிவை ரத்து செய்து இவர் முகத்தோடு புதிதாகப் போட முடியுமா என்று கேட்டார்.

"போடலாம் மேடம். கண்ணைத் தொறந்து சிமிட்டணும்."

"அதைத் திறக்கத்தானே நான் ஆபரேஷன் பண்ணணும்."

"ஆமா மேடம். ஆனா சிஸ்டம் கேக்குது. தியேட்டர் கதவும் அதுலதான் தொறக்குது."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அவருக்கும் இது முதல் தடவை இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எழுந்து, அம்மாவின் கைப்பட்டையை வெட்டி எறிந்தார். புருவத்துக் கோட்டை ஸ்பிரிட் பஞ்சால் அவரே துடைத்தார். தன் பேனாவை எடுத்து அண்ணியின் வலது புருவத்துக்கு மேல் கோடு போட்டு, கையில் பெயரை எழுதிய புதுப் பட்டையைக் கட்டினார்.

"அம்மா, நீங்க முன்னாடி நடந்து கதவுகிட்ட முகத்தைக் காட்டுங்க. கண்ணை நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் போனார்கள். முன்னால் அம்மா, பின்னால் அண்ணி. ஒவ்வொரு கதவிலும் அம்மா நிமிர்ந்து விழிப்பாள், கதவு அண்ணியின் பெயரைச் சொல்லித் திறக்கும், அம்மா ஒதுங்கிக்கொள்வாள், அண்ணி உள்ளே போவார். சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு அண்ணி வெளியே வந்தார். பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

கட்டைப் பிரித்துச் சில வாரங்களில் கண் தெளிந்துவிட்டது. சிவப்பும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போதாவது அண்ணியின் முகத்தை அண்ணிக்கே கொடுத்துவிடலாம் என்று போனை அவர் எதிரே பிடித்தேன். அண்ணி இரண்டு கண்ணையும் அகலத் திறந்தார். சொன்னபடி சிமிட்டினார், இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். தண்ணீர் வரவில்லை, சுருங்கவில்லை. திரையில் சின்ன எழுத்தில் ஏதோ வந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அண்ணியே படித்தார்.

"பதிவு செய்யப்பட்டவர் நீங்கள் அல்ல." படித்துவிட்டுச் சிரித்தார். "எவ்ளோ பொடி எழுத்து, எனக்கே தெரியுது பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காலத்தில் அளத்து வேலை நின்றதும் இடது கண்ணின் சதையை எடுக்க வேண்டும். அதற்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அதுவும் அம்மாவின் முகத்தின் பேரில்தான். முகத்தைத் திருத்தக் கேட்டு எழுதியதற்கெல்லாம் அதே தேன் தமிழில் பதில் வந்தது.

இதற்கிடையில் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் தன் முகத்தை ஏற்றிவிடலாம் என்பது அந்தச் செயலியில் இருக்கும் பெரிய ஓட்டை. என் அம்மா அறியாமல் செய்ததை அறிந்து செய்கிறவன் ஒருவன் வந்தால் எத்தனையோ பேரின் சிகிச்சை வேறு யாருக்கோ போய்விடும். இப்போதெல்லாம் அதற்கு அம்மாகூட வேண்டாம், இல்லாத முகத்தையே கணினி செய்து கொடுத்துவிடும். என் தொழில்முறைப்படி அந்த ஆஸ்பத்திரிக்கு நான் உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். எழுதியும் முடித்துவிட்டேன். நான் எழுதியதிலேயே தெளிவான அறிக்கை அது. ஆனால் அது போய்ச் சேர்ந்தால் அவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். முகமும் வயதும் ஒத்துப்போகாத பதிவுகளைத் தேடிப் பூட்டுவார்கள். வரிசையில் முதலில் அண்ணி இருப்பார். மறுபடியும் கும்பல் ஆவோம், இந்த முறை உண்மையாகவே. ஆகவே தினமும் காலையில் அந்த அறிக்கையைத் திறக்கிறேன், ஒரு காற்புள்ளியை மாற்றுகிறேன், மூடிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த எரிச்சலெல்லாம் இல்லை. அவளுக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. வெயிலில் இறங்கினால் முக்காடு போடுகிறாள், முகம் கறுத்துவிட்டால் கதவுக்கு அடையாளம் தெரியாதாம். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வயசாகி மூஞ்சி மாறினால் அது ஒத்துக்கொள்ளுமா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன், உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

போன வாரம் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ரொம்ப வருடமாக இருக்கிறது. மாத்திரை போடு என்று நானும் அண்ணனும் கெஞ்சி, திட்டி, சாப்பிடாமல் இருந்து பார்த்துவிட்டோம். தலையணைக்கு அடியில் ஒளிப்பாள், கோழிக்கு எறிவாள். அந்த அம்மா, யாரும் சொல்லாமல், அட்டையைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எவ்வளவு நாளாக நடக்கிறது என்று அண்ணியைக் கேட்டேன். ஆபரேஷன் ஆன மறுநாளிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றேன்.

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு அந்த இன்னொரு கண்ணு ஆவற வரைக்கும்தான்" என்றாள். "அப்புறம் எதுக்கு? நிறுத்திடுவேன்."